துபாய்க்கு ஆட்டுக்கறி அனுப்புவது எப்படி? முதல் தடவை அனுப்புபவர்களுக்கு

சந்தையில் ஆடு பிடித்து, தெரிந்த கடையில் அறுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து விமானத்தில் ஏற்றிவிடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முடியாது. இந்தியாவிலிருந்து வெளியே போகும் இறைச்சி அபெடாவில் (வேளாண் பொருள் ஏற்றுமதியைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) பதிவான இறைச்சிக்கூடத்திலிருந்துதான் வர வேண்டும். அந்தக் கூடம் வேறு இடத்தில் அறுத்ததை வாங்கிப் பதப்படுத்தினாலும், அறுத்த இடத்துக்கும் அபெடா பதிவு வேண்டும். சொந்தமாகக் கூடம் கட்ட நம்மில் அநேகம் பேருக்கு வசதி கிடையாது, அதனால் பதிவுள்ள கூடத்தோடு ஒப்பந்தம் போட்டு அங்கே அறுத்து நம் பெயரில் அனுப்புவதுதான் வழி.

சரி, முதல் வேலை ஐஇசி, அதாவது ஏற்றுமதி இறக்குமதி செய்பவருக்கான எண். உங்கள் பான் எண்தான் இப்போது ஐஇசி எண்ணும். டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் 500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதே தளத்தில் விவரங்களை உறுதி செய்ய வேண்டும், எதுவும் மாறவில்லை என்றாலும் கூட. விட்டால் எண் முடங்கிவிடும். அப்புறம் அபெடாவில் ஆர்சிஎம்சி எனும் ஏற்றுமதியாளர் பதிவு, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் மத்திய உரிமம்.

அடுத்தது ஹலால். கூடத்தில் கேட்டால் "இருக்கு சார்" என்றுதான் சொல்வார்கள். அதை நம்பி வந்துவிடாமல் காகிதத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள்: யார் கொடுத்தது, அந்த அமைப்பை அமீரகம் ஏற்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும்.

அறுக்கும் நாளில் கால்நடை மருத்துவர் ஆட்டை உயிரோடு ஒரு முறை பார்ப்பார், அறுத்த பிறகு ஈரல், நுரையீரல், நெறிக்கட்டி எல்லாம் பார்த்துத் தேர்வு செய்வார். தேறியதை 0 முதல் 4 டிகிரிக்குக் குளிர வைத்து, மெல்லிய துணி உறை போட்டுக் கட்டுவார்கள். மாநிலக் கால்நடைத் துறையின் அதிகாரம் பெற்ற மருத்துவர் தரும் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் கஸ்டம்ஸில் சரக்கு நகராது. லேபிளில் அரபி கட்டாயம். அறுத்த தேதியும் காலாவதித் தேதியும் அழியாத அச்சில் இருக்கட்டும், மேலே ஒட்டித் திருத்தும் வேலை வேண்டாம்.

என் இரண்டாவது சரக்கில் சான்றிதழில் 112 உடல் (அறுத்து உரித்த முழு ஆடு) என்றும் பேக்கிங் லிஸ்டில் 121 என்றும் இருந்தது, யாரோ தட்டச்சில் எண்ணைப் புரட்டிவிட்டார்கள், திருத்தி வாங்கி வருவதற்குள் விமானம் போய்விட்டது. உறையாத கறி, அடுத்த விமானத்துக்குக் காத்திருக்குமா? பாதி விலைக்கு உள்ளூரிலேயே தள்ளினேன்.

இப்போதெல்லாம் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஹலால் சான்று, சுகாதாரச் சான்றிதழ், ஏர்வே பில் (விமானச் சரக்குச் சீட்டு) ஐந்தையும் மேசையில் பரப்பி எண்ணிக்கை, எடை, கூடத்தின் பதிவு எண், வாங்குபவர் பெயரின் எழுத்து வரை ஸ்கேல் வைத்து ஒப்பிடுகிறேன். நீங்கள் இன்னொன்றும் செய்யுங்கள்: மருத்துவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சான்றிதழின் வரைவை வாட்ஸ்அப்பில் துபாயில் வாங்குபவருக்கு அனுப்பி, அவர் ஓகே சொன்ன பிறகு அறுக்கச் சொல்லுங்கள்.