லாக் சர்வர் நின்றால் ஆப்பும் நிற்க வேண்டுமா?

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு நாள் ராத்திரி ஆப் அப்படியே உறைந்துவிட்டது. சிபியு சும்மா கிடக்கிறது, டேட்டாபேஸும் நன்றாகவே இருக்கிறது, ஆனால் ஒரு ரிக்வெஸ்ட்டுக்கும் பதில் இல்லை. ஆப்புக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகளான த்ரெட்டுகள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் த்ரெட் டம்ப் எடுத்தால், எல்லா த்ரெட்டும் லாக் (ஆப் தன் நடவடிக்கைகளைக் குறித்து வைக்கும் பதிவு) எழுதும் வரியில் நிற்கிறது. தூரத்தில் இருந்த லாக் சர்வரில் டிஸ்க் நிரம்பி, அது சாக்கெட்டிலிருந்து (நெட்வொர்க் இணைப்பின் முனையிலிருந்து) படிப்பதையே நிறுத்தியிருந்தது, அதனால் எங்கள் பக்கம் அனுப்பும் பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) நிறைந்து எல்லாம் தொங்கிவிட்டது. வீடியோக்காரர் வரவில்லை என்று தாலி கட்டாமல் நின்ற கதை.

முதல் தவறு இதுதான்: ரிக்வெஸ்ட்டைக் கவனிக்கும் த்ரெட்டிலிருந்தே நெட்வொர்க்குக்கு எழுதுவது. நடுவில் ஒரு க்யூ (லாக் செய்திகள் காத்திருக்கும் வரிசை) வைத்து, அனுப்பும் வேலையைத் தனி த்ரெட்டிடம் விடுங்கள். இதற்குப் பைத்தானில் 3.2 பதிப்பு முதலே க்யூஹேண்ட்லரும் க்யூலிசனரும் இருக்கின்றன, ஜாவாவில் லாக்பேக் என்ற லாக் நூலகத்தின் அசிங்க்அப்பெண்டர் இருக்கிறது.

சரி, க்யூ போட்டாச்சு என்று நிம்மதியாக உட்காராதீர்கள், அது நிறைந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. பைத்தானில் அளவில்லாத க்யூ வைத்தால் மெமரி தின்னும். லாக்பேக்கில் க்யூவின் அளவு, நீங்கள் மாற்றாவிட்டால், 256 தான். அதில் 20 சதவீதம் மட்டும் காலி என்றதும் இன்ஃபோ (சாதாரணத் தகவல்) நிலையிலும் அதற்குக் கீழும் உள்ள செய்திகள் சத்தமில்லாமல் தூக்கி எறியப்படும், முழுக்க நிறைந்தால் மறுபடியும் பழையபடி உங்கள் த்ரெட் நிற்கும். நிற்கக் கூடாது என்றால் நெவர்பிளாக் அமைப்பை நீங்களேதான் மாற்ற வேண்டும். எறியப்பட்டவை எத்தனை என்று ஓர் எண்ணிக்கையும் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் லாக்கில் ஒன்றுமில்லை என்பதை எதுவும் நடக்கவில்லை என்று படித்துவிடுவீர்கள்.

அடுத்தது, எதிர்முனையின் ஒப்புதலோடு தரவை அனுப்பும் நெறிமுறையான டிசிபி மீதுள்ள குருட்டு நம்பிக்கை. சாக்கெட்டில் எழுதியது வெற்றி என்றால், உங்கள் கணினியின் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதை வாங்கி வைத்துக்கொண்டது என்றுதான் அர்த்தம், எதிர்முனைக்குப் போய்ச் சேர்ந்தது என்றல்ல. இணைப்பு அறுந்தால் கடைசிச் சில வரிகள் போயே போச்சு, விசாரணைக்கு அந்த வரிகள்தான் வேண்டியிருக்கும். ஒப்புதல் கேட்காமல் அனுப்பும் யூடிபியில் ஆப் தொங்காது, ஆனால் தொலைந்தால் கேட்க நாதி இல்லை. நீளமான ஸ்டாக் ட்ரேஸ் (பிழை வந்த பாதையைக் காட்டும் பட்டியல்) ஒரு பாக்கெட்டின் வழக்கமான வரம்பான 1500 பைட்டைத் தாண்டித் துண்டானால், ஒரு துண்டு போனாலும் மொத்தமும் போனது. என்னைக் கேட்டால், உள்ளூர் ஃபைலில் எழுதிவிட்டு ஃப்ளூயன்ட் பிட், ஆர்சிஸ்லாக் மாதிரி லாக் அனுப்பும் கருவி ஒன்றை அதை அனுப்பச் சொல்வதே மேல். ஆர்சிஸ்லாக்கில் ரெல்ப் என்ற நெறிமுறை பெறுபவரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கும்.

இனி பாதுகாப்பு. ஜாவாவின் இன்னொரு லாக் நூலகமான லாக்ஃபோர்ஜே 1.2இன் சாக்கெட் சர்வர் வந்த ஜாவா ஆப்ஜெக்ட்டை அப்படியே பிரித்துப் படித்ததால் வந்ததுதான் சிவிஇ-2019-17571 என்று பதிவான பாதுகாப்பு ஓட்டை: அந்தப் போர்ட்டை எட்ட முடிந்தவர் உங்கள் சர்வரில் தன் நிரலை ஓட்ட வழி இருந்தது. பைத்தானின் சாக்கெட்ஹேண்ட்லர் பைத்தான் ஆப்ஜெக்ட்டை அப்படியே பொதியும் பிக்கிள் வடிவில் அனுப்புகிறது, அங்கேயும் இதே ஆபத்து. வெறும் உரை வடிவமான ஜேசானாக, குறியாக்கம் செய்யும் டிஎல்எஸ் வழியாக அனுப்புங்கள். பாஸ்வேர்டு லாக்கில் விழாதபடியும் பாருங்கள். 2018 மே மாதம் ட்விட்டரே, பாஸ்வேர்டுகள் உள் லாக்கில் மறைக்கப்படாமல் பதிவாகிவிட்டன என்று சொல்லி எல்லோரையும் மாற்றச் சொன்னது.

நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்), வருடத்தோடு எழுதுங்கள். சிஸ்லாக் என்ற லாக் நெறிமுறையின் பழைய வடிவத்தில் (ஆர்எஃப்சி 3164 ஆவணம்) வருடமும் கிடையாது, டைம்ஸோனும் கிடையாது. அப்புறம், "லாக் அனுப்ப முடியவில்லை" என்ற பிழையை அதே வழியில் லாக் செய்யாதீர்கள், சுற்றிச் சுற்றி வரும்.

சோதிக்கும்போது லாக் சர்வரை நிறுத்திப் பார்த்தால் போதாது. நிறுத்திய சர்வர் இணைப்பை உடனே மறுத்துவிடும், ஆப்பும் அதைத் தாண்டிப் போய்விடும். ஃபயர்வாலில் பாக்கெட்டுகளைச் சத்தமில்லாமல் விழுங்கச் சொல்லி, போதுமான லோடு கொடுத்துப் பாருங்கள். எங்கள் ஆப் அந்தச் சோதனையில் முதல் தடவை மூன்று நிமிடம்கூடத் தாங்கவில்லை.