பழைய பன்மையா, புதிய பன்மையா? வாதிடும்போது நழுவும் இடங்கள்

ஆங்கிலப் பன்மை பற்றிப் பேச்சு வந்தால், யாராவது ஒரு பழைய வடிவத்தைத் தேடி எடுத்து, "இதுதான் சரி, மற்றதெல்லாம் பிற்காலத்துக் கொச்சை" என்பார். முதல் தவறே இதுதான். ஒரு வடிவம் பழையது என்பதாலேயே அது இன்றும் வழக்கில் இருப்பதாகாது. ஒரு காலத்தில் கண்களுக்கு 'ஐன்', காலணிகளுக்கு 'ஷூன்', பசுக்களுக்கு 'கைன்' என்றார்கள். அந்த 'ன்' விகுதி மாறாமல் அன்றாடப் பேச்சில் எஞ்சியிருப்பது எருதுகளைக் குறிக்கும் 'ஆக்ஸன்' ஒன்றுதான்.

'சில்ட்ரன்' இருக்கிறதே என்பீர்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. 'சில்டர்' என்பதே முன்பு பன்மைதான். அது பன்மை என்பது மறந்துபோய், மேலே இன்னொரு 'ன்' சேர்த்துவிட்டார்கள். பழையதே சரி என்பவர் 'சில்டர்' என்றுதான் சொல்ல வேண்டும். நம் மொழியிலும் இது நடந்திருக்கிறது. 'அவர்' பன்மையாக இருந்து மரியாதை ஒருமையானதும் 'அவர்கள்' வந்தது. பழந்தமிழில் 'கள்' அஃறிணைக்கு உரிய விகுதி. இன்று 'மனிதர்கள்' என்பதை யாரும் பிழை என்பதில்லை. ஆனால் 'சில்ட்ரன்ஸ்' என்று எழுதினால் அது மூன்றாவது பன்மை. வழக்கு அதை ஏற்கவில்லை.

அடுத்தது, 'அஸ்' என்று முடியும் சொல்லையெல்லாம் இலத்தீன் என்று நம்பி 'ஐ' போடுவது. 'ஆக்டோபஸ்' கிரேக்க மூலம் கொண்டது. அதன் கிரேக்கப் பன்மை 'ஆக்டோபோடீஸ்'. 'ஆக்டோபை' சில அகராதிகளில் இடம்பெற்றிருந்தாலும், அதுதான் மூலமொழியின் வடிவம் என்று வாதிட இடமில்லை. 'ஆக்டோபஸஸ்' போதும். அறிவிலியைக் குறிக்கும் 'இக்னோரேமஸ்' இலத்தீனில் பெயர்ச்சொல்லே அல்ல, 'எங்களுக்குத் தெரியாது' என்னும் வினைமுற்று. அதற்குப் போய் 'ஐ' விகுதி எப்படிச் சேரும்?

இரண்டு வடிவமும் உயிரோடிருந்தால், ஒன்று பிழை என்று அவசரப்படாதீர்கள். பொருள் பிரிந்திருக்கலாம். உடன்பிறந்தோர் 'பிரதர்ஸ்', சமயக் குழுவினர் 'பிரெத்ரன்'. பூச்சியின் உணர்கொம்புகள் 'ஆன்டென்னே', வானொலிக்கு 'ஆன்டென்னாஸ்'. தனித்தனி நாணயங்கள் 'பென்னீஸ்'. தொகையைச் சொன்னால் 'பென்ஸ்'.

'டேட்டா'வை ஒருமையாக எழுதியவரைத் திருத்துவோர், 'அஜெண்டா'வும் இலத்தீனில் பன்மைதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதை ஒருமையாக்கி, 'அஜெண்டாஸ்' என்று மறுபடி பன்மையும் ஆக்கியாயிற்று. 'டேட்டா'வும் அதே வழியில் வெகுதூரம் வந்துவிட்டது. அறிவியல் கட்டுரைகளில் மட்டும் பன்மையாகக் கொள்ளும் வழக்கம் இன்னும் வலுவாக உள்ளது. இதையே சாக்காக வைத்து, அளவுகோல்கள் என்னும் பொருளுடைய 'கிரைடீரியா'வை ஒருமையாக எழுதாதீர்கள். கவனமாக எழுதுவோர் இன்றும் அதைப் பிழையாகவே கொள்கிறார்கள்; ஒன்று என்றால் 'கிரைடீரியன்'.

ஐயம் வந்தால் அண்மைப் பதிப்பு அகராதி ஒன்றைத் திறந்து, அந்த வடிவத்துக்கு 'வழக்கொழிந்தது' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வடிவமும் செல்லுமானால் ஒன்றைத் தேர்ந்து, கட்டுரை முடியும்வரை அதையே எழுதுங்கள்.