மார்க் போட்டு சப்ளையரைத் தேர்ந்தெடுப்பதில் எங்கே சறுக்குகிறோம்

மூன்று கொட்டேஷன், நான்கு அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் ஒரு வெயிட்டேஜ், கடைசிக் கட்டத்தில் மொத்த மார்க். பர்ச்சேஸில் இருக்கும் எவருக்கும் இந்த எக்செல் ஷீட் பழக்கம்தான். கொஞ்சம் படித்தவர் கைக்குப் போனால் அதுவே ஏ.எச்.பி. ஆகும் (அளவுகோல்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு வெயிட்டேஜ் கண்டுபிடிக்கும் முறை); எம்.பி.ஏ. ப்ராஜெக்ட் என்றால் டாப்சிஸ் ஆகும் (மிகச் சிறந்த ஒரு கற்பனைத் தேர்வுக்கு யார் கிட்டே என்று பார்க்கும் முறை). எந்த முறை உசத்தி என்று விவாதித்தே பாதி நேரம் போய்விடுகிறது. உண்மையில் யார் ஜெயிப்பார் என்பது பெரும்பாலும் அந்த முறைக்குள் நுழைவதற்கு முன்பே, யாரும் கவனிக்காத ஒரு படியில் முடிவாகிவிடுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கோவையில் ஒரு பம்ப் கம்பெனி காஸ்டிங் (உருக்கி வார்த்த இரும்புப் பாகம்) வாங்க மூன்று ஃபவுண்டரிகளிடம், அதாவது வார்ப்படக் கூடங்களிடம், விலை கேட்கிறது என்று வையுங்கள். எண்கள் கணக்குக்காக நான் எடுத்தவை. முதல் ஃபவுண்டரி கிலோ 110 ரூபாய், ரிஜெக்‌ஷன் 6 சதவீதம். இரண்டாவது 112 ரூபாய், 3 சதவீதம். மூன்றாவது 114 ரூபாய், 1 சதவீதம். விலைக்கு 60, தரத்துக்கு 40 என்று வெயிட்டேஜ்.

ரூபாயையும் சதவீதத்தையும் அப்படியே கூட்ட முடியாது. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் பரவலாக உண்டு. ஒன்று, இருப்பதில் நல்லதற்கு முழு மார்க், மோசமானதற்குப் பூஜ்யம், நடுவில் இருப்பதற்கு விகிதப்படி. இப்படிப் போட்டால் முதல் ஃபவுண்டரிக்கு 60, இரண்டாவதற்கு 54, மூன்றாவதற்கு 40. இன்னொரு வழி, இருப்பதிலேயே குறைந்த எண்ணை ஒவ்வொருவரின் எண்ணாலும் வகுப்பது. இப்படிப் போட்டால் முதலாவதற்கு 66.7, இரண்டாவதற்கு 72.3, மூன்றாவதற்கு 97.9. அதே டேட்டா, அதே வெயிட்டேஜ், வரிசை மட்டும் தலைகீழ்.

காரணம் எளிது. முதல் வழியில் 110-க்கும் 114-க்கும் இடையே உள்ள நாலு ரூபாயே விலைக்கான 60 மார்க்கையும் விழுங்கிவிடுகிறது. இரண்டாவது வழியில் அதே நாலு ரூபாய்க்கு இரண்டு மார்க்தான் வித்தியாசம். ரிஜெக்‌ஷனிலோ 33 மார்க் வித்தியாசம் வந்துவிடுகிறது. மீட்டிங்கில் "விலைக்கு 60" என்று சொன்னவர் இந்த இரண்டில் எதை நினைத்துச் சொன்னார்? எதையும் நினைத்திருக்க மாட்டார். விலை முக்கியம் என்றார், அவ்வளவுதான். வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்காமல் வெயிட்டேஜ் போடுவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். "விலையா தரமா, எது முக்கியம்?" என்று கேட்கக் கூடாது. "கிலோவுக்கு நாலு ரூபாய் மிச்சமாவது பெரிதா, ரிஜெக்‌ஷன் ஆறிலிருந்து ஒன்றுக்கு இறங்குவது பெரிதா?" என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேஸில் மார்க்கே வேண்டியதில்லை என்பேன். ரிஜெக்ட் ஆனதை ஃபவுண்டரி எடுத்துக்கொண்டு மாற்றிக் கொடுத்துவிடும் என்றால் நஷ்டம் எங்கே வருகிறது? லேத்தில் ஏற்றிக் கடைந்த பிறகு உள்ளே ப்ளோ ஹோல் (வார்க்கும்போது காற்று அடைத்து விழுந்த ஓட்டை) தெரிந்தால், அதுவரை செய்த மெஷினிங் செலவு போச்சு. டன் கணக்கில் பார்த்தால் முதல் ஃபவுண்டரிக்கும் இரண்டாவதற்கும் விலையில் 2,000 ரூபாய் வித்தியாசம், ரிஜெக்‌ஷனில் 30 கிலோ வித்தியாசம். 2,000-ஐ 30-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 67. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் அதே 2,000, ஆனால் 20 கிலோ, வகுத்தால் 100. ஆக, ரிஜெக்ட் ஆகும் ஒரு கிலோவுக்கு நமக்கு வீணாகும் செலவு 67 ரூபாய்க்குக் கீழே என்றால் முதல் ஃபவுண்டரி, 67 முதல் 100 வரை இரண்டாவது, அதற்கு மேல் மூன்றாவது. மெஷின் ஷாப் சூப்பர்வைசரிடம் ஒரே ஒரு நம்பர் கேட்டால் போதும். மாற்றுச் சரக்கு வரும்வரை லைன் நின்றால் அதையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். பணமாக மாற்ற முடிந்ததை முதலில் பணமாக்கிவிட வேண்டும். மார்க் மிச்சம் இருப்பதற்கு மட்டும்தான். இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதமே உண்டு.

சேவைத் துறையில் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. கன்சல்டன்டை அமர்த்த அரசுத் துறைகள் பயன்படுத்தும் கியூ.சி.பி.எஸ். (தரம், விலை இரண்டையும் சேர்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது) முறையில் தொழில்நுட்ப மார்க்கும் விலை மார்க்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டுவார்கள். வழக்கமாக, குறைந்த விலை கேட்டவருக்கு விலையில் 100. மற்றவர்களுக்கு அந்தக் குறைந்த விலையை அவரவர் விலையால் வகுத்த விகிதம். தொழில்நுட்பத்துக்கு 70, விலைக்கு 30 என்று வைப்போம். குமார் என்பவர் தொழில்நுட்பத்தில் 85, விலை 60 லட்சம். ரவி 75, விலை 45 லட்சம். கூட்டினால் குமாருக்கு 82, ரவிக்கு 82.5. ரவிக்கு ஆர்டர்.

இப்போது மூன்றாவதாக மணி நுழைகிறார். தொழில்நுட்பத்தில் 60, விலை 30 லட்சம். அவருக்கு 72 வந்து கடைசியில் நிற்கிறார். ஆனால் குறைந்த விலை 30 லட்சமாகிவிட்டதால் ரவி 72.5-க்கு இறங்குகிறார், குமார் 74.5-இல் நிற்கிறார். ஆர்டர் குமாருக்கு! குமாரும் ரவியும் தங்கள் டெண்டரில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. தோற்கப்போகிற ஒருவர் உள்ளே வந்ததே ஜெயிப்பவரை மாற்றிவிட்டது. டம்மி டெண்டர் போடுகிறவர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஏ.எச்.பி.-யிலும் இந்தத் தரவரிசைப் புரட்டு நேரும் என்று பெல்டன், கியர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1983-லேயே எழுதிக் காட்டினார்கள். டாப்சிஸும் இதற்கு விதிவிலக்கல்ல. வந்திருக்கும் விலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடாமல், "45 லட்சத்துக்கு இத்தனை மார்க், 60 லட்சத்துக்கு இத்தனை" என்று டெண்டர் திறக்கும் முன்பே ஒரு நிலையான அட்டவணை போட்டுவிட்டால் இது நடக்காது.

ஏ.எச்.பி. பற்றியும் ஒரு வார்த்தை. 1970-களில் தாமஸ் சாட்டி உருவாக்கிய முறை இது. அளவுகோல்களை இரண்டிரண்டாக எடுத்து, எது எத்தனை மடங்கு முக்கியம் என்று 1 முதல் 9 வரை சொல்ல வேண்டும். பத்து அளவுகோல் இருந்தால் 45 கேள்விகள். இருபதாவது கேள்விக்கு மேல் பதில் சொல்கிறவர் சலித்துப்போய் 3, 5 என்று கைக்கு வந்ததைப் போடுவார். பதில்கள் முன்னுக்குப் பின் முரணாக இருக்கிறதா என்று காட்ட ஒரு விகிதம் உண்டு, அது 0.10-க்குள் இருந்தால் சரி என்பது வழக்கம். தாண்டினால் நம்மூரில் என்ன செய்கிறார்கள்? பதில் சொன்னவரிடம் திரும்பப் போகாமல் செல்லில் இருக்கும் எண்ணைத் தட்டித்தட்டி 0.09-க்குக் கொண்டுவருகிறார்கள். முரணில்லாமல் இருப்பது சரியாக இருப்பதற்கு உத்தரவாதமே இல்லை. ஒரே மாதிரி தப்பாகவும் சொல்லலாம். ஐந்தாறு அளவுகோலுக்கு மேல் போகாமல் இருந்தால் இந்தத் தொல்லையில் பாதி தீரும்.

அளவுகோல் பெருகுவதற்குப் பெரும்பாலும் ஒரே விஷயத்தைப் பல பெயரில் எழுதுவதுதான் காரணம். சென்னையை அடுத்த ஒரகடம் பக்கம் குடோன் தேடுகிறவர் துறைமுகத்திலிருந்து தூரம், லாரி வாடகை, போய்ச்சேரும் நேரம் என்று மூன்று வரி போடுவார். மூன்றும் தூரம்தான். ஆளுக்கு 15 கொடுத்தால் தூரத்துக்கு 45 போய்விட்டது, அவருக்கே தெரியாமல். அதே ஷீட்டில் 40 அடி கன்டெய்னர் ட்ரெய்லர் திரும்ப இடம் இருக்கிறதா என்பதற்கும் 10 மார்க் வைத்திருப்பார். வண்டி திரும்ப முடியாத குடோன், வாடகை குறைவு என்பதால் முதலிடத்துக்கு வந்து நிற்கும். கட்டாயம் வேண்டியதற்கு மார்க் கிடையாது. இருக்கிறதா இல்லையா என்று பார்த்து, இல்லை என்றால் லிஸ்டிலிருந்தே எடுத்துவிட வேண்டும்.

மார்க்குகளைக் கூட்டாமல் ஒன்றோடொன்று பெருக்கினாலும் இதே கதைதான். ஆட்டோ உதிரிபாகக் கம்பெனிகள் எஃப்.எம்.இ.ஏ. (என்னென்ன கோளாறு வரலாம், எதை முதலில் சரிசெய்வது என்ற ஆய்வு) போடும்போது பாதிப்பின் தீவிரம், நேரும் வாய்ப்பு, கண்டுபிடிக்கும் திறன் மூன்றுக்கும் பத்துக்குள் மார்க் போட்டுப் பெருக்கி ஆர்.பி.என். (ஆபத்து முன்னுரிமை எண்) என்றார்கள். எண் கூடினால் அவசரமும் கூடும். பிரேக் பிடிக்காமல் போகும் கோளாறு 9, 2, 4 என்று 72 வாங்கும். பெயின்ட் கீறல் 3, 6, 5 என்று 90 வாங்கி முன்னால் நிற்கும். 2019-இல் அமெரிக்க, ஜெர்மன் வாகனத் துறை அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட ஏ.ஐ.ஏ.ஜி.–வி.டி.ஏ. கையேடு இந்தப் பெருக்கலைக் கைவிட்டு, தீவிரத்துக்கு முதலிடம் தரும் முன்னுரிமை அட்டவணைக்கு மாறிவிட்டது. பழைய ஃபார்மட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஷாப்கள் உண்டு.

கடைசியாக, சராசரி. பர்ச்சேஸ்காரர் விலைக்கு 80 என்பார், குவாலிட்டிக்காரர் 20 என்பார், ஷீட்டில் 50 என்று ஏறிவிடும். அந்த அறையில் 50 என்று நினைக்கிற ஆள் ஒருவர்கூட இல்லை. சராசரி எடுக்காமல் 80 வைத்து ஒரு தடவை, 20 வைத்து ஒரு தடவை கணக்கு ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே சப்ளையர் வந்தால் அவர்கள் சண்டை போடவே தேவையில்லை. வேறு வேறு ஆள் வந்தால், எந்த எண்ணில் முடிவு மாறுகிறது என்று கண்டுபிடித்து, அந்த ஒரு எண்ணை மட்டும் எம்.டி. மேஜைக்குக் கொண்டுபோங்கள்.