தோட்டத்துக்கு வரும் முள்ளெலி: பார்ப்பதற்கும் காப்பதற்கும் தொடக்க வழிகாட்டி

பாலக்காட்டின் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதிப் பக்கத்து மண் பாலக்காட்டின் மேற்குப் பகுதியைப் போல மழையில் ஊறிக் கிடக்கும் மண் இல்லை. மலை மறைவில், மழை குறைவாக விழும் காட்டுப் பூமி. பனை, கிளுவை வேலி, நிலக்கடலை, இப்போது நிறையத் தென்னந்தோப்பு. இப்படிப்பட்ட காய்ந்த நிலம்தான் முள்ளெலிக்குப் பிடிக்கும். நம் பக்கத்து முள்ளெலி உலகத்திலேயே தென்னிந்தியாவில் மட்டும் வாழும் இனம். தமிழ்நாடு, ஆந்திரா, கேரளாவின் கிழக்கு ஓரம், இவைதான் முக்கியமாக அதன் வீடு. 1851-இல் ஹார்ஸ்ஃபீல்டு என்பவர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அதற்கப்புறம் நெடுங்காலம் இதைப் பற்றி யாரும் பெரிதாக ஆராயவில்லை. 2025-இல் தமிழ்நாடு அரசு சிங்கவால் குரங்கு, கழுதைப்புலி இவற்றோடு முள்ளெலியையும் சேர்த்துப் பாதுகாப்புக்குப் பணம் ஒதுக்கியது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

உங்கள் தோட்டத்துக்கும் ராத்திரியில் ஒன்று வந்து போகலாம். அதற்கு நாம் செய்ய வேண்டியதைவிடச் செய்யாமல் இருக்க வேண்டியதுதான் அதிகம்.

1. முதலில், வந்தது முள்ளெலிதானா?

பலர் முள்ளம்பன்றியோடு குழப்பிக்கொள்கிறார்கள். முள்ளம்பன்றி நாய் அளவுக்கு இருக்கும். நீள நீளமான முள், கிழங்கையும் தென்னங்கன்றையும் கடித்துப் போடும். முள்ளெலி உங்கள் உள்ளங்கையில் அடங்கும். முள் குட்டை, மூக்கு கூர், முகம் கறுப்பு, நெற்றியில் வெள்ளைப் பட்டை. பெயரில் எலி இருந்தாலும் எலிக் குடும்பம் இல்லை, மூட்டையைக் கடிக்காது. வண்டு, கரையான், பாச்சை, எருக்குழியில் நெளியும் புழுக்கள், இவைதான் அதன் சாப்பாடு. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். முள்ளை எறியும் என்பதெல்லாம் வெறும் பேச்சு.

2. தடயம் தேடுங்கள்

வேலி ஓரத்திலோ எருக்குழிப் பக்கத்திலோ ஒரு முழ அகலத்துக்குச் சலித்த மணலைப் பரப்பி, கையால் தடவிச் சமமாக்கி விடுங்கள். காலையில் பார்த்தால் சின்னச் சின்ன விரல் தடங்கள் தெரியும். எச்சம் கறுப்பாக, சுண்டுவிரலைவிட மெல்லியதாக இருக்கும். குச்சியால் கிளறினால் வண்டு ஓட்டுத் துண்டுகள் பளபளக்கும். சருகுக்குள் மூசு மூசு என்று மோப்பம் பிடிக்கும் சத்தமும் நல்ல அடையாளம். இருட்டியதும் விளக்கை அணைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள்.

3. பார்க்கும் முறை

வெள்ளை டார்ச் வேண்டாம். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். அந்த வெளிச்சம் அதை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. காற்று அதன் பக்கமிருந்து உங்கள் பக்கம் வீசுகிற மாதிரி, பத்தடி தள்ளி, தரையில் உட்காருங்கள். அதற்குக் கண் சுமார்தான், மூக்கும் காதும் ரொம்பக் கூர். செருப்புச் சத்தத்துக்கே சுருண்டுவிடும். சுருண்டுவிட்டால் கிட்டே போகாதீர்கள், அசையாமல் இருங்கள். தானாக மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கும்.

வசதி இருந்தால் அசைவு கண்டு படம் பிடிக்கும் கேமராவைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மரத்தோடு கட்டி வைக்கலாம். உயரமாகக் கட்டினால் பூனையும் கீரியும்தான் பதிவாகும்.

ஒன்றைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சில சமயம் முள்ளெலி புது வாசனை அடிக்கும் ஏதாவது பொருளை முகர்ந்து, அதை மென்று, வாயில் நுரை தள்ளி, தலையைத் திருப்பித் திருப்பித் தன் முள் மேல் பூசிக்கொள்ளும். வெறிநோய் என்று நினைத்து அடித்துவிடுகிறவர்கள் உண்டு. உலகெங்கும் முள்ளெலிகள் செய்யும் இயல்பான பழக்கம் அது.

4. வருவதற்கு வழி விடுங்கள்

கிளுவை வேலி இருந்த வரைக்கும் இந்தப் பேச்சே தேவைப்படவில்லை. அடியில் ஆயிரம் சந்து. இப்போது எல்லாரும் காம்பவுண்டுச் சுவர் எழுப்புகிறோம், அதற்குள்ளே சிமெண்டுத் தரையும் போட்டுவிடுகிறோம். இங்கிலாந்தில் முள்ளெலிக்காகவே மதில் அடியில் 13 செ.மீ. சதுரத் துளை விடுவது வழக்கம். அங்குள்ள முள்ளெலி நம்முடையதைவிடப் பெரிது, அதனால் அந்த அளவு இங்கே தாராளம். பக்கத்துத் தோட்டக்காரரிடமும் பேசுங்கள். ஒரு ராத்திரியில் அது பல தோட்டங்களைச் சுற்றும், உங்கள் ஒரு தோட்டம் மட்டும் அதற்குப் போதாது. ரோட்டைப் பார்த்த பக்கம் மட்டும் துளை வேண்டாம், வண்டியில் அடிபட்டுச் சாகிறவை ஏராளம்.

தோட்டத்தின் ஒரு மூலையைக் கூட்டாமல் விடுங்கள். தென்னை மட்டை, உரிமட்டை, சருகு, நாலு கல், அது போதும். பகலில் அது அங்கே படுத்துக்கொள்ளும், பூச்சியும் அங்கேதான் பெருகும். அந்தக் குவியலுக்குத் தீ வைக்கும் எண்ணம் இருந்தால், முழுக்கப் பிரித்து வேறு இடத்தில் போட்டுப் பார்த்த பிறகு வையுங்கள். ஆபத்து வந்தால் அது ஓடாது, அங்கேயே சுருண்டு கிடக்கும்.

5. விஷம்

இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்ல நினைக்கிறேன். கார்போஃபியூரான், ஃபோரேட் போன்ற குருணை மருந்துகளைக் கேரள அரசு 2011-லேயே தடை செய்தது. தமிழ்நாட்டு எல்லை நமக்கு நாலு எட்டுத்தான், அந்தப் பக்கம் போய் வரும்போது கையில் எது வருகிறது என்பதைக் கவனியுங்கள். மருந்து தின்ற வண்டையும் புழுவையும் தின்று முள்ளெலி சாகும். எலிப் பாஷாணம், பசை அட்டை இரண்டும் தரையில் நடமாடும் எதையும் விட்டுவைக்காது. எலித் தொல்லைக்குக் கூண்டு வையுங்கள், காலையில் மறக்காமல் திறந்து பாருங்கள்.

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, சொட்டுநீர்த் தொட்டி, மேலே மூடாத குழி இவற்றில் விழுந்தால் ஏற முடியாது. தொட்டியிலும் குழியிலும் சொரசொரப்பான பலகை ஒன்றைச் சாய்த்து வையுங்கள். கிணற்றைச் சுற்றி இரண்டு வரிசைச் செங்கல்லாவது வையுங்கள். காய்கறிப் பந்தலின் நைலான் வலையைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிக் கட்டுங்கள்.

6. தண்ணீர் சரி, பால் கூடாது

பங்குனி, சித்திரையில் மண் தட்டில் ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள், தினமும் கழுவி மாற்றுங்கள். பால் வைத்தால் அதற்குச் செரிக்காது, வயிற்றால் போய்ச் செத்துவிடும். சோறு, ரொட்டியும் வேண்டாம். மருந்து அடிக்காத மண்ணில் அதற்கு வேண்டியது தானே கிடைக்கும். ராத்திரியில் நாயைக் கட்டிப் போடுங்கள்.

7. மருந்துக்கு என்று கேட்டு வந்தால்

கக்குவான் இருமலுக்கு முள்ளெலியின் முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுக்கும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. உங்கள் வீட்டு அப்பாருவோ அப்பத்தாவோ அன்போடுதான் சொல்வார்கள். அவர்களிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: கக்குவானுக்கான தடுப்பூசி, ஐந்து நோய்களுக்கும் சேர்த்துப் போடும் ஊசியிலேயே இருக்கிறது. பிள்ளைக்கு 6, 10, 14 வாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். முள்ளுக்காக ஒரு உயிரைக் கொல்ல வேண்டியதே இல்லை.

8. அடிபட்டுக் கிடந்தால்

நல்ல வெயிலில் வெட்டவெளியில் தள்ளாடிக்கொண்டிருந்தால் ஏதோ பிரச்சினை என்று அர்த்தம். தடித்த துண்டால் மூடித் தூக்கி, காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வளர்க்க நினைக்காதீர்கள். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குட்டியோடு தாய் இருந்தால் எதையும் தொடாமல் தள்ளி வந்துவிடுங்கள். இந்த இனம் ஒரு ஈற்றில் ஒன்றிரண்டு குட்டிதான் போடும்.

9. எழுதி வையுங்கள்

தேதி, நேரம், மழையா வெயிலா, எந்த மூலையில் என்ன தின்றது, இவற்றை ஒரு நோட்டில் குறியுங்கள். படம் இருந்தால், யார் வேண்டுமானாலும் தாங்கள் பார்த்த உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையத்தளத்தில் ஏற்றலாம். இந்த விலங்கைப் பற்றிய பதிவுகள் குறைவு என்பதால் உங்கள் ஒரு படத்துக்கே மதிப்பு உண்டு. ஏற்றும்போது சரியான இடத்தை மறைக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள், வாட்ஸ்அப் குழுவிலும் தோட்டத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். பிடிக்க வருகிறவர்களும் அதைப் பார்ப்பார்கள்.