முதல் வார்மின்ட் ரைஃபிள்: குறைந்த விலையில் துல்லியமானதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவில் தெற்கு டகோட்டா, மொன்டானா, வயோமிங் பக்கம் மேய்ச்சல் நிலங்களில் பிரெய்ரி நாய்கள் கூட்டம் கூட்டமாக வளை தோண்டி வாழ்கின்றன. பெயரில்தான் நாய், உண்மையில் அணில் குடும்பத்தைச் சேர்ந்த பிராணி. கூட்டம் பெருகினால் மாட்டுக்கான புல்லை மொட்டையடித்துவிடும். கிழக்கே பென்சில்வேனியா பக்கம் போனால் வயல் ஓரத்தில் வளை தோண்டும் வுட்சக் இதே தொல்லையைத் தருகிறது. இப்படிப் பயிரையும் புல்லையும் கெடுக்கும் சிறு பிராணிகளுக்கு அங்கே பொதுப்பெயர் வார்மின்ட். அவற்றைத் தூரத்திலிருந்து சுடுவதற்கென்றே கனமான குழலோடு வரும் துப்பாக்கிதான் வார்மின்ட் ரைஃபிள்.

இதில் துல்லியம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குண்டு சரியான இடத்தில் பட்டால் அந்தக் கணமே உயிர் போய்விடும். ஓரமாகப் பட்டால் அந்தப் பிராணி காயத்தோடு வளைக்குள் போய் மணிக்கணக்கில் துடிக்கும். அதைப் பார்த்தவன் நான். அதனால்தான் இந்த விஷயத்தில் 'பரவாயில்லை, ஓரளவு சுடும்' என்பதை நான் ஏற்பதில்லை. குறைந்த விலையிலேயே நல்ல துல்லியம் கிடைக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

படி 1: வாங்கலாமா என்று பாருங்கள்

அமெரிக்காவுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்திருக்கும் தமிழர்கள் இதைத் தாண்டிப் போக வேண்டாம். எச்1பி, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் பொது விதி. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விதிவிலக்கு உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனாலும் மாநிலச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விசாவில் இருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள், குடியேற்ற விவகாரத்தில் சின்னத் தவறு கூடப் பெரிய தலைவலியாகிவிடும்.

கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். எஃப்பிஐயோ, சில மாநிலங்களில் மாநில அரசோ நடத்தும் பின்னணிச் சோதனையில் தேறினால்தான் துப்பாக்கி கைக்கு வரும். வாங்குவதற்கு முன்பே வீட்டில் பூட்டி வைக்க இரும்புப் பெட்டி வந்திருக்க வேண்டும், குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. எல்லா இடத்திலும் சுட முடியாது. பிரெய்ரி நாயைத் தின்று வாழும் கருங்கால் ஃபெரட் என்ற கீரி போன்ற பிராணி அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தபோது, 1981-ல் வயோமிங்கில் மீட்டீட்ஸி அருகே மறுபடி கண்டுபிடித்தார்கள். அது வாழும் சில பகுதிகளில் பிரெய்ரி நாயைச் சுடத் தடை இருக்கிறது. யூட்டா பிரெய்ரி நாய் பாதுகாக்கப்பட்ட இனம். மாநில வனவிலங்குத் துறையின் விதிகளைப் படித்து, நில உரிமையாளரின் அனுமதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: இலக்கை அளந்து, தேவையான துல்லியத்தைக் கணக்கிடுங்கள்

பெரும்பாலோர் கடைக்குப் போய், பிடித்த துப்பாக்கியை எடுத்துவிட்டு அப்புறம்தான் எதைச் சுடலாம் என்று யோசிக்கிறார்கள். நீங்கள் தலைகீழாக வாருங்கள்.

துப்பாக்கியின் துல்லியத்தை எம்ஓஏ என்ற கோண அளவில் சொல்வார்கள். ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்கு. 100 கெஜத்தில் அது சுமார் 1.05 அங்குலம், 200-ல் 2.1, 300-ல் 3.1. நிமிர்ந்து நிற்கும் பிரெய்ரி நாயின் உடல் அகலம் ஏறக்குறைய மூன்று அங்குலம்தான். ஆக, 1 எம்ஓஏ சுடும் துப்பாக்கி (அதாவது குண்டுகள் எல்லாம் அந்த அகலத்துக்குள் படும் துப்பாக்கி) 200 கெஜத்துக்குத் தாராளமாகப் போதும். 300 கெஜத்தில் உங்கள் கை துளியும் நடுங்காவிட்டாலும் துப்பாக்கியே இலக்கின் முழு அகலத்தையும் தின்றுவிடும். அங்கே முக்கால் எம்ஓஏ அல்லது அரை எம்ஓஏ தேவை. வுட்சக் உடம்பு பெரியது, அதற்கு 1 எம்ஓஏ இன்னும் தூரம் தாங்கும்.

புதியவர் 200, 250 கெஜத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம்.

படி 3: தோட்டாவைத் தேர்ந்தெடுங்கள்

முதல் துப்பாக்கிக்கு என் பரிந்துரை .223 ரெமிங்டன் என்ற தோட்டா. 55 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு) குண்டு விநாடிக்குச் சுமார் 3,240 அடி வேகத்தில் கிளம்பும். உதைப்பு மிகக் குறைவு, சுட்ட பிறகும் ஸ்கோப் என்ற குறிபார்க்கும் தொலைநோக்கிக்குள்ளேயே குண்டு எங்கே பட்டது என்று பார்க்க முடியும். எந்த ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும், விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. தோட்டா மலிவாக இருந்தால் பயிற்சி கூடும், பயிற்சி கூடினால் துல்லியம் கூடும்.

.22-250 ரெமிங்டன் இதைவிட வேகம், 55 கிரெய்ன் குண்டு சுமார் 3,680 அடி. 300 கெஜத்துக்கு அப்பால் நேராகப் போகும். ஆனால் எரியும் மருந்து அதிகம், குழல் சீக்கிரம் சூடாகும், அதன் தொண்டைப் பகுதி, அதாவது உட்பள்ளங்கள் தொடங்கும் இடம், சீக்கிரம் தேயும். 2004-ல் வந்த .204 ரூகர் 32 கிரெய்ன் குண்டை 4,200 அடிக்கு மேல் விரட்டுகிறது, உதைப்பும் இல்லை. அருமையான தோட்டாதான், ஆனால் எல்லாக் கடையிலும் இருக்காது. வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில் 125, 150 கெஜத்துக்குள்தான் வேலை என்றால் .17 எச்எம்ஆர் போதும், இவ்வளவு செலவே தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை: குழலில் .223 என்று மட்டும் பொறித்திருந்தால் 5.56 ராணுவத் தோட்டாவைப் போடாதீர்கள். வெளியே ஒரே மாதிரி தெரியும், உள்ளழுத்தம் வேறு.

படி 4: குழலைப் பாருங்கள்

பிரெய்ரி நாய் வேட்டையில் ஒரே காலையில் நூறு தோட்டா போவது சாதாரணம். மெல்லிய குழல் ஐந்தாறு குண்டுக்குள் சூடேறி, குண்டு படும் இடம் நகரத் தொடங்கும். கனமான குழல் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு நெடுநேரம் நிலையாக இருக்கும். ஸ்கோப்போடு சேர்த்து 10 பவுண்டைத் தாண்டும் என்பது உண்மைதான், ஆனால் இதைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறப் போவதில்லை. இரண்டுகால் தாங்கியிலோ மணல் மூட்டையிலோ வைத்துத்தான் சுடுவீர்கள்.

அடுத்தது ட்விஸ்ட். குழலின் உட்பள்ளங்கள் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுகின்றன என்பதே அது. 1:12 என்றால் 55 கிரெய்ன் வரையிலான குட்டைக் குண்டுகளுக்குச் சரி. 1:9 என்றால் 69 கிரெய்ன் வரை பொதுவாக ஒத்துப்போகும். 1:8 இன்னும் நீளமான 75, 77 கிரெய்ன் குண்டுகளையும் தடுமாறாமல் சுழற்றும். காற்றடிக்கும் சமவெளியில் கனமான குண்டு கொஞ்சம் உதவும். மணிக்கு 10 மைல் பக்கக் காற்றே .223-ன் 55 கிரெய்ன் குண்டை 300 கெஜத்தில் சுமார் 9 அங்குலம் தள்ளிவிடும். .223-ல் 1:9 அல்லது 1:8 கேட்டு வாங்குங்கள்.

படி 5: கடையிலேயே செய்யக்கூடிய காகிதச் சோதனை

மலிவுத் துப்பாக்கியில் நிறுவனங்கள் காசை மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் ஸ்டாக்கில்தான், அதாவது குழலைத் தாங்கும் கட்டையில். குழலுக்கும் உலோக உடலுக்கும் நியாயமாகச் செலவு செய்துவிட்டு மேலே மெல்லிய பிளாஸ்டிக் கட்டையைப் பொருத்திவிடுவார்கள். அதை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று கடைக்காரர் பார்க்க, நீங்களும் பார்த்து உறுதி செய்யுங்கள். ஒரு டாலர் நோட்டை நீளவாக்கில் குழலுக்கும் கட்டையின் முன்பகுதிக்கும் நடுவே நுழைத்து, பின்பக்கம் நோக்கி இழுத்துக்கொண்டே வாருங்கள். உலோக உடலை நெருங்கும் வரை தடையில்லாமல் வர வேண்டும். எங்காவது சிக்கினால் அங்கே கட்டை குழலைத் தொடுகிறது என்று பொருள். குழல் சூடாகும்போது அந்த இடம் அதைத் தள்ளும், குண்டு விலகும். இப்போது முன்கட்டையையும் குழலையும் சேர்த்துப் பிடித்து லேசாக அழுத்தியபடி நோட்டை மறுபடி இழுங்கள். முதலில் சறுக்கி வந்தது இப்போது சிக்குகிறதா? கட்டை வளைகிறது. தாங்கியில் வைத்துச் சாயும்போதும் இதேதான் நடக்கும். இரண்டு நிமிட வேலை. நான் இதைச் செய்யாமல் எந்தத் துப்பாக்கிக்கும் பணம் கொடுப்பதில்லை.

படி 6: விசை (ட்ரிகர்)

இரண்டரை முதல் மூன்று பவுண்டு எடையில், கண்ணாடிக் குச்சி உடைவது போலச் சட்டென்று விடுபடும் விசைதான் நல்லது. ஐந்தாறு பவுண்டு இழுக்க வேண்டியிருந்தால் விரலின் பலத்தில் துப்பாக்கியே நகரும். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, பாதுகாப்பான திசையில் நீட்டி, வெற்றாக ஐந்தாறு முறை இழுத்துப் பாருங்கள்.

படி 7: எந்தத் துப்பாக்கி?

என் முதல் தேர்வு சாவேஜ் 110 வரிசையின் வார்மின்ட் மாடல். 1958-ல் வந்த இந்த வடிவமைப்பில் குழலை உடலோடு ஒரு நட் வைத்து இறுக்குகிறார்கள். மற்ற வடிவமைப்புகளில் தோட்டா உட்காரும் இடைவெளியைத் துல்லியமாக அமைக்கக் கைத்தேர்ச்சியும் நேரமும் வேண்டும். இங்கே குழலைத் திருகி, அளவுகோல் வைத்துப் பார்த்து, நட்டை இறுக்கினால் முடிந்தது. விலை குறைந்தும் துல்லியம் குறையாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2000-களின் தொடக்கத்தில் வந்த அக்யூட்ரிகர் விசையை வாங்கியவரே எடை குறைத்துக்கொள்ளலாம்.

ஜப்பானில் தயாராகும் ஹோவா 1500-ஐயும் எடுத்துப் பாருங்கள். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் வழுக்கிக்கொண்டு போகும், இரண்டு கட்ட விசையும் (முதலில் லேசாக நகர்ந்து, பிறகு விடுபடுவது) நன்றாக இருக்கும். வெதர்பி வான்கார்ட் வாங்கினாலும் உள்ளே இருப்பது ஹோவாதான்.

கையிருப்பு இன்னும் குறைவு என்றால் ரூகர் அமெரிக்கன் பிரிடேட்டர். .223-ல் 1:8 ட்விஸ்ட் வருகிறது, குழலும் கட்டையைத் தொடாமல் நிற்கிறது. குழல் அவ்வளவு கனமில்லை, ஆகவே ஐந்து குண்டுக்கு ஒருமுறை ஆறவிட வேண்டும். வுட்சக்குக்கு இது போதும், பிரெய்ரி நாய்க் கூட்டத்துக்குப் பொறுமை தேவைப்படும். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் ஃபின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ். மூன்று குண்டு 1 எம்ஓஏ என்று நிறுவனமே உறுதி கொடுக்கிறது.

பழையதாக ரெமிங்டன் 700 கிடைத்தால் நல்ல துப்பாக்கிதான். ஆனால் 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை தயாரான எக்ஸ்மார்க் ப்ரோ விசை கொண்டவற்றை, கை படாமலே சுட்டுவிடும் ஆபத்து இருந்ததால் நிறுவனம் 2014-ல் திரும்ப அழைத்தது. விசை சரிசெய்யப்பட்டதா என்று தெரியாமல் வாங்க வேண்டாம்.

படி 8: மிச்சப் பணம் ஸ்கோப்புக்கு

துப்பாக்கிக்குக் கொடுத்ததில் பாதியையாவது ஸ்கோப்புக்கு ஒதுக்குங்கள். 4-16 அல்லது 6-24 பெருக்கம், பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறி இலக்கிலிருந்து விலகித் தெரிவது) சரிசெய்யும் குமிழ், இரண்டும் வேண்டும். கானல் அசையும் மதியத்தில் பெருக்கத்தைக் குறைத்துத்தான் பார்க்க முடியும், அதனால் மிகப் பெரிய எண்ணுக்கு ஆசைப்படாதீர்கள்.

பொருத்துவதை அவசரப்படுத்த வேண்டாம். என் முதல் ரைஃபிளில் ஸ்கோப்பைக் கடையிலேயே மாட்டிக் கொடுத்தார்கள். ரேஞ்சில் முதல் குண்டு நடுவில், இரண்டாவது இரண்டு அங்குலம் வலப்பக்கம், மூன்றாவது மேலே. துப்பாக்கிதான் மோசம் என்று முடிவு கட்டி மூன்று வகைத் தோட்டா மாற்றினேன், இரண்டு வார இறுதி வீணாயிற்று. ஒரு பெரியவர் வந்து ஸ்கோப்பை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். அடித்தட்டின் பின் திருகு கால் சுற்று தளர்ந்திருந்தது. அதை இறுக்கியதும் அதே துப்பாக்கி, அதே தோட்டா, குண்டுகள் ஒரு நாணயத்துக்குள் அடங்கின. அன்றிலிருந்து திருகுகளை எண்ணெய் போகத் துடைத்து, இறுக்க அளவு காட்டும் ஸ்குரூடிரைவரால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு நானே இறுக்குகிறேன்.

படி 9: ஐந்து குண்டுச் சோதனை

போல்ட்டைக் கழற்றிவிட்டு, குழல் வழியே 25 கெஜத்தில் இருக்கும் இலக்கைப் பாருங்கள். துப்பாக்கி அசையாமல் ஸ்கோப்பின் குறியையும் அதே புள்ளிக்குக் கொண்டு வாருங்கள். 25-ல் சுட்டுத் திருத்திய பிறகு 100-க்குப் போங்கள். காதுக்கும் கண்ணுக்கும் கவசம் கட்டாயம்.

நான்கு வகைத் தோட்டா, வகைக்கு ஒரு பெட்டி வாங்குங்கள். 50 அல்லது 55 கிரெய்ன் வி-மேக்ஸ் குண்டு போட்டது ஒன்று, விலை குறைந்த முனைப்பள்ளக் குண்டு ஒன்று, 69 கிரெய்ன் மேட்ச் (போட்டிக்கான துல்லியக் குண்டு) ஒன்று, உங்கள் ஊரில் எப்போதும் கிடைப்பது ஒன்று. கலிஃபோர்னியாவில் வேட்டை என்றால் ஈயம் இல்லாத குண்டுதான், 2019 ஜூலை முதல் அதுவே சட்டம். ஈயத் துணுக்குள்ள உடலைத் தின்னும் பருந்துகளுக்கு ஈயம் நஞ்சு, வேறெங்கே சுட்டாலும் இதை நினைவில் வையுங்கள்.

வகைக்கு ஐந்து ஐந்தாக மூன்று முறை சுடுங்கள். மூன்று குண்டுக் குரூப் (ஒரே இலக்கில் பட்ட ஓட்டைகளின் கூட்டம்) அதிர்ஷ்டத்தில் அழகாக வந்துவிடும், அதைப் படம் பிடித்து ஏமாந்தவர்கள் பலர். ஒவ்வொரு ஐந்துக்கும் பிறகு போல்ட்டைத் திறந்து வைத்து, குழலைக் கையால் தொட்டுப் பிடிக்க முடியும் வரை ஆறவிடுங்கள். மிகத் தள்ளிப் பட்ட இரண்டு ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, மூன்று குரூப்பின் சராசரியை நோட்டில் எழுதுங்கள். ஒரே துப்பாக்கி ஒரு தோட்டாவில் ஒன்றரை அங்குலமும் இன்னொன்றில் அரை அங்குலமும் சுடுவதைப் பார்த்தால் முதல் முறை நம்ப மாட்டீர்கள்.

ஜெயித்த தோட்டா எது என்று தெரிந்ததும் அந்தப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணை (ஒரே தொகுதியாகத் தயாரானதைக் காட்டும் எண்) குறித்துக்கொண்டு, அதே எண்ணில் பத்துப் பெட்டி வாங்கி வையுங்கள்.