ஹாப்சாலுவுக்குப் போனால் கோட்டையைக் கடைசியில் பாருங்கள்

எஸ்தோனியாவின் தலைநகர் தாலினில் எனக்கு இது ஏழாவது வருஷம். ஊரிலிருந்து யார் வந்தாலும், பழைய நகரத்தைச் சுற்றிக் காட்டி முடித்த மறுநாள் ஹாப்சாலு என்ற கடற்கரைச் சிற்றூருக்குக் கூட்டிப் போய்விடுவேன். இதுவரை பதினோரு முறை போயிருக்கிறேன். முதல் முறை போனதை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. அது நவம்பர் மாதத்து ஒரு திங்கட்கிழமை. போன இடமெல்லாம் பூட்டு. நாலு மணிக்கே இருட்டிவிட்டது. கடல் காற்று காதை அறுத்தது. கோட்டையை மட்டும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, திரும்பிப் போகும் பேருந்துக்காக ஒரு மணி நேரம் நடுங்கிக்கொண்டு நின்றேன். இதற்கா நூறு கிலோமீட்டர் வந்தோம் என்று இருந்தது.

ஊர் மேல் தப்பில்லை. போன நாளும் தப்பு, ஆரம்பித்த இடமும் தப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நாள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போங்கள், திங்கட்கிழமையைத் தவிருங்கள். ஆகஸ்ட் பௌர்ணமியை ஒட்டிப் போக முடிந்தால் இன்னும் நல்லது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். தாலின் பேருந்து நிலையத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னே பின்னே ஆகும். காற்றுத் தடுக்கும் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும், ஜூலையாக இருந்தாலும்.

பேருந்து உங்களை இறக்கிவிடுவது ஒரு ரயில் நிலையத்தில். ரயில் வராத ரயில் நிலையம். எல்லாரும் இதைப் பார்க்காமலே நேராகக் கோட்டைக்கு நடையைக் கட்டுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், இந்த ஊரின் குணத்தை இங்கேதான் பிடிக்க முடியும். மரத்தில் சரிகை வேலை செய்த மாதிரி ஒரு கட்டடம், 1907-ல் முடிந்தது. அதை ஒட்டிக் கூரை போட்ட நடைமேடை, நீளம் 216 மீட்டர். என் நடையில் முந்நூறு எட்டு வருகிறது. பத்தாயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கு இவ்வளவு நீளம் எதற்கு? ரஷ்யப் பேரரசரின் ரயில் வந்து நின்றால், எந்தப் பெட்டியிலிருந்து யார் இறங்கினாலும் தலையில் மழைத்துளி படக்கூடாது. அதற்குத்தான்.

பேரரசு போய்விட்டது. 1995-ல் பயணிகள் ரயிலும் நின்றது, பிறகு தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அந்தத் தடம் இப்போது சைக்கிள் பாதை. கூரையை மட்டும் ஒழுங்காகப் பராமரிக்கிறார்கள். பழைய நீராவி எஞ்சின்கள் பக்கத்தில் வரிசையாக நிற்கின்றன, குழந்தைகள் இருந்தால் அரை மணி நேரம் அங்கேயே போய்விடும். இந்த ஊர் எப்போதும் வெளியிலிருந்து வரும் யாருக்காகவோ எதையாவது கட்டிவைத்திருக்கிறது. வந்தவர்கள் போய்விடுவார்கள், கட்டியது மிஞ்சும். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே நடந்தால் மற்றதெல்லாம் தானே புரியும்.

சரி, பேரரசர் குடும்பம் இந்த மூலைக்கு எதற்கு வந்தது? சேற்றுக்காக. வடக்கே கடற்கரைக்கு வந்தால் அந்தச் சேறு இருக்கும் குடாவைப் பார்க்கலாம். தண்ணீர் ஆழமே இல்லை. பனியுக காலத்தில் மேலே அழுத்திக் கிடந்த பனிக்கட்டி உருகிப் போனதிலிருந்து இந்த நிலம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மேலே எழும்பிக்கொண்டே இருக்கிறது. கடல் மெல்ல விலகுகிறது. அசையாத அந்தத் தண்ணீருக்கு அடியில் கறுப்புச் சேறு படிகிறது. உள்ளூர்க்காரர்கள் மூட்டு வலிக்கு அதைத்தான் பூசிக்கொண்டிருந்தார்கள். கார்ல் ஆபிரகாம் ஹுன்னியுஸ் என்ற ராணுவ மருத்துவர் அதைக் கவனித்து, 1825-ல் முதல் சேற்றுச் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். அதன்பின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பணக்காரர்கள் கோடைக்குக் கோடை குடும்பத்தோடு வந்து தங்க ஆரம்பித்தார்கள்.

சேற்றுச் சிகிச்சை இன்றும் உண்டு. எடுக்க நினைத்தால் முன்பதிவு செய்யுங்கள். நேரில் போய்க் கேட்டு ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். படுக்கவைத்து, சூடான சேற்றை முதுகில் அப்பி, துணியால் போர்த்திவிடுவார்கள். கரிசல் மண்ணைக் குழைத்த மாதிரி வழவழப்பு, அழுகிய முட்டை வாசனை. ஐந்து நிமிஷத்தில் வாசனை பழகிவிடும், பதினைந்தாவது நிமிஷம் தூக்கம் வரும். வெள்ளி நகையைக் கழற்றிவிட்டுப் போங்கள், கறுத்துவிடும்.

கரையோர நடைபாதையில் 1898-ல் கட்டிய குர்சால் என்ற மரக் கூடம் இருக்கிறது, கோடை விருந்தாளிகள் இசை கேட்கவும் ஆடவும் கூடிய இடம். அருகே தண்ணீருக்குள் ஒரு வெள்ளைக் கரடிச் சிலை. கரையோடு இன்னும் நடந்தால் கல் இருக்கை ஒன்று வரும். 1867 கோடையில் ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி, அப்போது வயது இருபத்தேழு, தம்பிகளோடு இங்கே வந்து தங்கினார். அப்போது எழுதிய மூன்று சிறிய பியானோ இசைத்துண்டுகளுக்கு இந்த ஊரின் பெயரையே வைத்தார். அவர் நினைவாக 1940-ல் வைத்த இருக்கை அது. அவருடைய ஆறாவது சிம்பொனியின் சில சுரங்கள் அதில் பொறித்திருக்கும். மாலை வெயிலில் உட்கார்ந்தால் நன்றாக இருக்கும், ஆனால் அதற்குள் சால்வைக் கடைகளை மூடிவிடுவார்கள். எனவே முதலில் சால்வை.

இங்கே அவசரப்படாதீர்கள். ஹாப்சாலு சால்வை என்பது சிலந்தி வலை மாதிரி மெல்லிய கம்பளி நூலில் கையால் பின்னுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோடை விருந்தாளிகளுக்கு விற்கத்தான் இந்த ஊர்ப் பெண்கள் இதைப் பின்ன ஆரம்பித்தார்கள். நீளமாக இருந்தால் சல், சதுரமாக இருந்தால் ராத்திக். ஓரத்து அலை வேலையைத் தனியாகப் பின்னி, பிறகு தைத்துச் சேர்ப்பார்கள். நடுவில் பூ வேலை. அதில் புடைத்து நிற்கும் குட்டி முடிச்சுதான் நுப். சால்வைக்கு உயிரே அதுதான்.

அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தபோது அழைத்துப் போனேன். ஒரு காலத்தில் தெருவுக்கே குரோஷா பின்னிக் கொடுத்தவர். கடையில் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு எஸ்தோனிய மொழி தெரியாது, பாட்டிக்குத் தமிழ் தெரியாது. நான் மொழிபெயர்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா கையமர்த்திவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். பாட்டி ஊசியை ஒரே கண்ணிக்குள் விட்டு எடுத்தார், நூலைச் சுற்றினார், மறுபடி அதே கண்ணிக்குள் விட்டார். ஒன்று ஏழாகும் வரைக்கும். ஏழும் தொளதொளவென்று ஊசியில் தொங்கின. அடுத்த வரிசையில் திரும்பி வரும்போது அந்த ஏழையும் ஒன்றாகக் கோத்து ஒரே கண்ணியாக இழுத்தார். டக்கென்று ஒரு மொட்டு எழுந்து நின்றது. "இறுக்கிப் போட்டா அடுத்த வரிசையில ஊசி நுழையாது, அதான் லூசா விடுறாங்க" என்றார் அம்மா, என்னைப் பார்க்காமலே. பிறகு சால்வையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார், பட்டுப்புடவைக் கடையில் பார்ப்பது போல. பாட்டி சிரித்துவிட்டார். அம்மாவின் விரலைக் காட்டி மோதிரத்தைக் கேட்டு வாங்கி, ஒரு முழுச் சால்வையை அதற்குள் விட்டு இழுத்துக் காட்டினார். சரசரவென்று வந்துவிட்டது.

வாங்கும்போது அம்மா பார்த்ததையே நீங்களும் பாருங்கள். நுப்பை விரலால் தடவினால் மணி மாதிரித் தட்டுப்பட வேண்டும். இந்த முடிச்சை இயந்திரம் போடாது என்பார்கள். ஓரம் தைத்துச் சேர்த்ததா என்று பாருங்கள். எந்தப் பூ வேலை என்று கேளுங்கள், பெயர் சொல்வார்கள். பள்ளத்தாக்கு லில்லிதான் அதிகம் கிடைக்கும். பட்டத்து இளவரசர் என்று ஒரு வேலைக்குப் பெயர். 1932-ல் ஸ்வீடன் இளவரசர் குஸ்தாவ் அடோல்ப் வந்தபோது வைத்தது. விலையைக் கேட்டால் மூச்சு நிற்கும். வாரக்கணக்கில் உட்கார்ந்து பின்னியது, பேரம் பேசாதீர்கள். அம்மாகூடப் பேசவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு மீன் சாப்பிடுகிறவர்கள் கறுப்பு ரொட்டியும் ரெய்ம் என்ற சிறு மீனும் கேளுங்கள். சைவக்காரர்களுக்குக் கோஹுகே இருக்கிறது: சாக்லேட் பூசிய குளிர்ந்த தயிர்க்கட்டி, எந்தப் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும். கடைக்குள் நுழைந்ததும் தெரெ (வணக்கம்), கிளம்பும்போது ஐத்தா (நன்றி) என்றால் போதும். அதற்கு மேல் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். கோபம் என்று நினைக்காதீர்கள், இங்கே மௌனம்தான் மரியாதை.

நேரம் இருந்தால் கரையோர ஸ்வீடன்காரர்களின் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். பல நூறு ஆண்டுகள் இந்தக் கரையிலும் தீவுகளிலும் ஸ்வீடிஷ் பேசிக்கொண்டு வாழ்ந்தவர்கள். 1944 வாக்கில் சோவியத் படை வரும் முன் பெரும்பாலோர் படகேறிவிட்டார்கள். அதே ஆண்டு படகேறியவள்தான் இங்கே தாத்தா பாட்டியிடம் வளர்ந்த பதினான்கு வயது ஈலோன் விக்லாந்த். பின்னாளில் ஸ்வீடன் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரெனின் குழந்தைக் கதைகளுக்குப் படம் வரைந்தவர். அவர் பெயரில் குழந்தைகளுக்கான ஓவியக்கூடம் ஒன்று ஊரில் இருக்கிறது. சோவியத் காலத்தில் ஊருக்கு வெளியே போர் விமான தளம் வந்தது. கோடை விருந்தாளிகளின் பழைய ஊர் அப்படியே உறங்கிப்போனது.

இப்போது கோட்டை. மாலை ஆறு மணிக்கு மேல், நிழல் நீளும்போது போங்கள். பேரரசருக்கும் முன்னால் வந்த முதல் விருந்தாளி இங்கே குடியிருந்த பிஷப்தான். 1279-ல் ஊருக்கு நகர உரிமை கிடைத்ததும் அந்த ஆட்சியில்தான். சுற்றுச்சுவர் 800 மீட்டருக்கும் மேல். உள்ளே தேவாலயம், நடுவில் ஒரு தூண்கூட இல்லாத ஒரே நீள்கூடம். 1688-ல் தீ, 1726-ல் புயல் கூரையைக் கொண்டுபோனது, பிறகு நூற்று அறுபது ஆண்டுகள் பாழ், 1880-களில் மறுபடி கூரை, சோவியத் காலத்தில் தானியக் கிடங்கு. யாரும் இல்லையென்றால் உள்ளே மெல்ல ஒரு பாட்டை முனகிப் பாருங்கள், கல் அதைத் திருப்பித் தரும். கிராமத்துக் கிழவர்களிடம் பழைய பக்திப் பாடல்களைத் தேடித் தேடிச் சேகரித்த இசையமைப்பாளர் சிரில்லுஸ் கிரேக் வாழ்ந்து மறைந்ததும் இந்த ஊரில்தான்.

தேவாலயத்தை ஒட்டி ஞானஸ்நான மண்டபம். ஆகஸ்ட் பௌர்ணமி என்று சொன்னேனே, அது இதற்காக. ஒரு பாதிரியார் தன் காதலியை ஆண் வேடமிட்டு, பாடகர் குழுப் பையன் என்று சொல்லி உள்ளே வைத்திருந்தாராம். பிடிபட்டபோது அவரைச் சிறையில் பட்டினி போட்டார்கள். அவளை ஒரு துண்டு ரொட்டியும் ஒரு குடுவைத் தண்ணீரும் கொடுத்து இந்தச் சுவருக்குள் வைத்துக் கட்டிவிட்டார்கள் என்று கதை. அன்றைய இரவு நிலவொளி ஜன்னல் வழியாக விழும்போது உள்சுவரில் அவள் உருவம் தெரியுமாம், வெள்ளைச் சீமாட்டி என்பார்கள். ஊரே திரண்டு வந்து நிற்கும். நாங்கள் நின்ற இரவில் மேகம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா மட்டும், "ரொட்டியாவது முழுசாக் கொடுத்திருக்கலாம்" என்றார்.

அந்த இரவுக்குத் தங்க அறை வேண்டுமென்றால் மாதங்களுக்கு முன்பே பிடித்துவிடுங்கள். மற்ற நாட்களில் தாலினுக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காலையில் இறங்கியதுமே பார்த்து வையுங்கள். தவறவிட்டால் கவலைப்படாதீர்கள், அந்த நீளக் கூரைக்கு அடியில் பெஞ்சுகள் இருக்கின்றன. நான் ஒரு முறை உட்கார்ந்திருக்கிறேன்.