கலவை, கலப்பு, கலப்படம்: மாத்திச் சொல்லி மாட்டிக்காதீங்க

ஏற்காட்ல ஒரு காபித்தூள் கடையில போய் "அண்ணே, இதுல கலப்படம் எவ்ளோ?"ன்னு கேட்டுட்டேன். கேக்க வந்தது சிக்கரி எவ்ளோன்னுதான். அவர் மூஞ்சி போன போக்கு இருக்கே! "சிக்கரி வேணும்னா கலந்து தரேங்க, வேணாம்னா ப்யூரா வாங்கிக்கங்க, நம்மகிட்ட கலப்படமெல்லாம் கிடையாது"ன்னுட்டார். தப்பு என் மேலதான்.

நிறைய பேர் பண்றது இதான். 'கல'ங்கிற ஒரே வேர்ல இருந்து வந்தாலும் மூணும் ஒண்ணு இல்ல. கலப்படம்னா ஏமாத்து, வாங்குறவங்களுக்குத் தெரியாம சேக்குறது. சிக்கரி கலக்க சட்டமே இடம் குடுக்குது, காபி 51 சதவீதத்துக்குக் கொறையக் கூடாது, எது எவ்ளோன்னு பாக்கெட்ல போட்ருக்கணும், அதை மறைச்சு ப்யூர் காபின்னு வித்தாதான் கலப்படம். பால்காரர் தண்ணி ஊத்துனாலும் அதே பேர்தான் (நம்ம வீட்ல ஊத்துனா மட்டும் சிக்கனம்).

கலப்புங்கிறது பெரும்பாலும் இன்னொரு வார்த்தைக்கு முன்னாடி போய் ஒட்டிக்கும், கலப்புத் திருமணம், கலப்பு உரம், கணக்குல கலப்பு பின்னம். இங்கெல்லாம் கலவைன்னு போட்டா சிரிப்பாங்க.

கலவை யாரையும் குத்தம் சொல்லாது. ஆனா ஸ்கூல் பசங்க இதையும் சேர்மத்தையும் (கெமிஸ்ட்ரில காம்பவுண்ட்னு சொல்றது) போட்டுக் குழப்பிக்குவாங்க. உப்பு சேர்மம், உப்புத்தண்ணி கலவை, தண்ணிய சுண்டக் காய்ச்சினா உப்பு தனியா நின்னுரும், ஆனா அந்த உப்புல இருந்து சோடியத்தைப் பிரிக்கணும்னா அடுப்பு பத்தாது.

டைப் பண்ணும்போது களவைன்னு அடிச்சா எழுத்துப்பிழையோட போச்சு. கலவி சாதம்னு அடிச்சு ஃபேமிலி குரூப்ல போட்டுட்டா டெலிட் பண்றதுக்குள்ள சித்தப்பா பாத்துருவார். அர்த்தம் தெரியாதவங்க அகராதியப் பாத்துக்கங்க, நான் சொல்ல மாட்டேன்.

கட்டட வேலையில கொத்தனார் "கலவை கொண்டா"ன்னா சிமெண்ட்டும் மணலும் தண்ணி விட்டுக் குழைச்சதுதான், எந்தக் கலவைன்னு சித்தாள் கேக்க மாட்டாங்க. அதனால சேலத்துல சாயங்காலம் தட்டுவடைக் கடைக்குப் போனா உஷார். தட்டுவடைய ஒடைச்சு கேரட், பீட்ரூட், வெங்காயம், சட்னியெல்லாம் போட்டுப் பெரட்டித் தர்றது அசல் கலவைதான், இருந்தாலும் "ஒரு கலவை குடுங்கண்ணா"ன்னு கேட்டா பக்கத்துத் தெருவுல எங்கயோ கட்டட வேலை நடக்குது போலன்னு நெனச்சுக்குவார். நொறுக்கல்னு கேளுங்க.